விலை குறைந்த மின்சார மாடல் விமானம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

மாடல் விமானம் ஒழுங்காகப் பறக்காவிட்டால் பழி முதலில் மோட்டார்மீது விழும், பிறகு பேட்டரிமீது, கடைசியில் டிரான்ஸ்மிட்டர்மீது. மூன்றுமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஆனால் ஃபோம் அட்டையில் கையால் வெட்டி ஒட்டிய விமானத்தில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் காசே ஆகாத ஒன்றாக இருக்கும்: சரியாகப் பிடிக்காத சால்டர், அளவுக்கு மீறி நீண்ட ஒரு திருகு, இரண்டு விரல் பின்னால் உட்கார்ந்துவிட்ட பேட்டரி. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் பாகம் மாற்றுவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

மனத்தில் வைத்திருப்பது இந்த அளவு விமானம்: முனையிலிருந்து முனைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறக்கை, ஏ2212 வகை மோட்டார், 30 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி (ஈஎஸ்சி), 9 கிராம் செர்வோக்கள் (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) நான்கு, 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. உங்களுடையது இதைவிடப் பெரிதோ சிறிதோ என்றால் எண்கள் மாறும், காரணங்கள் மாறா.

மல்டிமீட்டர், செல் மின்னழுத்தம் காட்டும் சிறு மீட்டர், எடைத் தராசு ஆகியவை வேண்டும். வாட் மீட்டர் ஒன்று இருந்தால் பாதித் தலைவலி குறையும். இரண்டாவது மோட்டார் வாங்க ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை வாங்குங்கள் என்பேன்.

இரண்டு கட்டுப்பாடுகள். மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது, இழுவையைப் பார்க்கும் சோதனைகள் தவிர, புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள்; இந்த அளவு மோட்டாரின் புரொப்பெல்லர் விரலை எலும்புவரை வெட்டக்கூடியது. அடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஈஎஸ்சியையும் மோட்டாரையும் சேர்த்து மாற்றிக் கோளாறு தீர்ந்தால், நல்ல பாகம் ஒன்று குப்பைக்குப் போகும். எது என்று தெரியாது.

பேட்டரியை இணைத்தும் சத்தமே இல்லை

ஒரு பீப்கூட வரவில்லை, செர்வோவும் அசையவில்லை என்றால் டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை விமானத்தில் வாங்கும் ரிசீவர்வரை மின்சாரம் வரவில்லை. பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பிறகு பேட்டரியின் எக்ஸ்டி60 இணைப்பானின் உள்ளே பாருங்கள். சால்டர் பளபளப்பாக வழிந்து கம்பியைத் தழுவியிருக்க வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் அது வெறும் ஒட்டல். இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிடும்.

அடுத்து ஈஎஸ்சியின் மூன்று கம்பிப் பிளக். ரிசீவரில் அது தலைகீழாகச் செருகப்பட்டிருக்கலாம். சிவப்புக் கம்பி நடுவில் இருப்பதால் பொதுவாக எதுவும் எரியாது, வேலையும் நடக்காது. சில ஈஎஸ்சிகளில் ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கும் பகுதியே (பெக் என்று சொல்வார்கள்) இருக்காது. அவற்றுக்குத் தனிப் பெக் தேவை. எரிந்த வாடை வந்தால் சோதனையை நிறுத்திவிடலாம். பேட்டரியின் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும், ஈஎஸ்சி போய்விட்டது.

இணைக்கும்போது வரும் சிறு தீப்பொறியைக் கண்டு பயப்பட வேண்டாம். ஈஎஸ்சியின் கெப்பாசிட்டர்கள் நிரம்பும் பொறி அது.

செர்வோ அசைகிறது, மோட்டார் பீப் மட்டும் போடுகிறது

வேகமாகத் தொடரும் பீப் என்றால், பெரும்பாலான ஈஎஸ்சிகளில் அதன் பொருள் ‘த்ராட்டில் (மோட்டார் வேகத்துக்கான ஸ்டிக்) அடியில் இல்லை’ என்பது. முழு வேகத்தில் திடீரென்று சுழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அது மறுக்கிறது. ஸ்டிக் அடியில்தான் இருக்கிறது என்றால் டிரிம் (ஸ்டிக்கின் நிலையைச் சிறிதளவு திருத்தும் பொத்தான்) மேலே ஏறியிருக்கும், அல்லது டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் சேனல் தலைகீழாக இருக்கும். ஸ்டிக்கை உச்சத்துக்குத் தள்ளி இணைத்துப் பாருங்கள் (புரொப்பெல்லர் கழற்றியிருக்கிறதா?). அப்போது ஈஎஸ்சி செல் எண்ணிக்கையைப் பீப் போட்டுத் தயாராகிவிட்டால் சேனலைத் திருப்ப வேண்டும் என்பது உறுதி.

நொடிக்கு ஒன்றாக மெதுவாக வரும் பீப் வேறு கதை. ஈஎஸ்சிக்கு சிக்னலே வரவில்லை. தவறான சேனலில் செருகியிருப்பீர்கள், அல்லது ரிசீவர் டிரான்ஸ்மிட்டருடன் இணையவில்லை.

புதிய ஈஎஸ்சி எதுவானாலும் த்ராட்டில் எல்லையை அதற்குக் கற்றுக்கொடுத்துவிடுவது நல்லது. டிரான்ஸ்மிட்டரைப் போட்டு ஸ்டிக்கை உச்சத்தில் வைத்து, பேட்டரியை இணைத்து, இரண்டு பீப் கேட்டதும் ஸ்டிக்கை அடிக்கு இறக்குங்கள். செல் எண்ணிக்கைக்கு ஏற்பச் சில பீப்களும் ஒரு நீண்ட பீப்பும் வந்தால் முடிந்தது. உச்சத்திலேயே சில நொடிகள் தாமதித்தால் பல ஈஎஸ்சிகள் அமைப்பு மாற்றும் நிலைக்குப் போய்விடும். வேறு இசை ஒலிக்கத் தொடங்கினால் பேட்டரியைக் கழற்றி முதலிலிருந்து தொடங்குங்கள்.

மோட்டார் நடுங்குகிறது, சுழல மறுக்கிறது

பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மூன்று கம்பிகள். ஈஎஸ்சி அவற்றுக்கு முறைவைத்து மின்சாரம் கொடுத்துக் காந்தங்களைச் சுற்றி இழுக்கிறது. மூன்றில் ஒன்று விட்டுப்போனால் மோட்டார் முன்னும் பின்னும் துடிக்கும், சுழலாது. நடுக்கத்தைக் கண்டதும் உடனே த்ராட்டிலை இறக்கிவிடுங்கள். அந்த நிலையில் நொடிக்கணக்கில் வைத்திருந்தால் ஈஎஸ்சி புகைந்துவிடும்.

மூன்று புல்லட் இணைப்பான்களையும் கழற்றி இறுக்கமாகச் செருகிப் பாருங்கள். தீரவில்லை என்றால் மீட்டரே தேவைப்படாத ஒரு சோதனை இருக்கிறது. மோட்டாரை ஈஎஸ்சியிலிருந்து பிரித்து, மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டின் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தபடி தண்டை விரலால் சுழற்றுங்கள். மோட்டார் பிரேக் பிடித்தாற்போல் இழுக்கும். மூன்று ஜோடிக்கும் இதே இழுப்பு இருந்தால் மோட்டாரின் சுற்றுகள் சரி, சந்தேகம் ஈஎஸ்சிமீது. எந்த ஜோடிக்கு இழுப்பு இல்லையோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது. முழுதாக அறுந்த கம்பியை மல்டிமீட்டரும் காட்டும்; ஆனால் சுற்றுகளின் மின்தடை மிகக் குறைவு என்பதால் அவற்றுக்கிடையே உள்ள சிறு வித்தியாசத்தைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. விரல் காட்டிவிடும்.

அறுந்த இடம் பெரும்பாலும் மோட்டாரின் உள்ளே இருக்காது. கம்பி நீளமாக இருக்கிறதென்று வெட்டிச் சுருக்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த மோட்டார்கள் பலவற்றில் வெளியே வரும் கம்பி, சுற்றுகளின் கம்பியேதான். அதன் ஒவ்வோர் இழையிலும் எனாமல் பூச்சு உண்டு. அதைச் சுரண்டி எடுக்காமல் சால்டர் வைத்தால் பார்வைக்குப் பிடித்தது போலிருக்கும், மின்சாரம் பாயாது.

இன்னொன்று, மோட்டாரைப் பிடிக்கும் திருகுகள். தேவைக்கு இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலும் சில மோட்டார்களில் திருகின் நுனி சுற்றுகளில் போய்க் குத்தும். எனாமல் கிழியும், மோட்டார், ஈஎஸ்சி இரண்டும் ஒரே நாளில் போகும். திருகைக் கழற்றிவிட்டு மோட்டார் சுகமாகச் சுழல்கிறது, மாட்டினால் முரண்டு பிடிக்கிறது என்றால் விடை கையில் இருக்கிறது. நுனியை அறுத்துவிடுங்கள், அல்லது அடியில் ஒரு வாஷர் போடுங்கள்.

மோட்டார் சுழல்கிறது, இழுவை இல்லை

புரொப்பெல்லரில் எழுத்துகள் அச்சடித்த முகம் எந்தப் பக்கம் இருக்கிறது? விமானம் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், மோட்டார் மூக்கில் இருந்தாலும் வாலில் இருந்தாலும். திருப்பி மாட்டினாலும் ஓரளவு காற்று பின்னால் போகத்தான் செய்யும்; அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. சுழலும் திசையே தவறு என்றால் மூன்று மோட்டார் கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும்.

அடுத்து, தண்டில் புரொப்பெல்லர் வழுக்குகிறதா என்று பாருங்கள். தண்டிலும் அடாப்டரிலும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு போட்டு, முழு வேகத்தில் ஐந்து நொடி ஓடவிட்டு நிறுத்துங்கள். கோடு விலகியிருந்தால் தண்டைக் கவ்வும் கோலெட்டை இறுக்க வேண்டும்.

இவை சரியென்றால் வாட் மீட்டரை பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் வைத்து முழு த்ராட்டிலில் அளவிடுங்கள். கற்றுக்கொள்ளும் விமானத்துக்குக் கிலோவுக்கு 110 முதல் 150 வாட் போதும். கரணம் போட 200-க்கு மேல் வேண்டும். அளவு குறைவாக இருந்தால் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். நிரம்பிய 3 செல் பேட்டரி 12.6 வோல்ட். சுமை ஏறியதும் அது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. 2200 எம்ஏஎச், 25சி (கொள்ளளவைப் போல 25 மடங்கு) என்று அச்சிட்டிருந்தால் கணக்குப்படி 55 ஆம்பியர் தர வேண்டும். விலை குறைந்த பேட்டரியின் மேல் இருக்கும் அந்த எண்ணை நான் ஒரு ஆசை என்றுதான் எடுத்துக்கொள்வேன். மின்னழுத்தம் நிமிர்ந்து நின்று ஆம்பியர் மட்டும் குறைவாக இருந்தால் புரொப்பெல்லர் சிறியது.

இழுவையை நேரடியாகவே அளக்கலாம். சக்கரமுள்ள விமானத்தின் வாலில் கயிறு கட்டி, அதில் வில் தராசை மாட்டி, மறுமுனையை ஓர் ஆணியில் கட்டுங்கள். புரொப்பெல்லர் சுழலும் தளத்தின் நேரே நிற்காமல் பின்னால் நின்று த்ராட்டிலை ஏற்றுங்கள். 800 கிராம் விமானத்துக்குத் தராசு குறைந்தது 400 காட்ட வேண்டும். கையால் எறிந்து பறக்கவிடுவதென்றால் 600 இருந்தால் மனம் நிம்மதி.

தொட முடியாத சூடு

மோட்டார்மீது எழுதிய கேவி எண், சுமை இல்லாதபோது வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 1000 கேவி மோட்டார் 11.1 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுழல முயலும். அதற்குப் பத்து அங்குல புரொப்பெல்லர் பொருந்தும். அதே தோற்றத்தில், அதே பெட்டியில் வரும் 2200 கேவி மோட்டார் இரண்டு மடங்கு வேகமாகச் சுழல நினைக்கும். அதற்கு ஆறு அங்குலமே சரி. இரண்டையும் குழப்பிக்கொண்டு 2200 கேவிக்குப் பத்து அங்குலத்தை மாட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

சிறிய மாற்றமும் சிறியதல்ல. ஒரே வேகத்தில் சுழலும்போது புரொப்பெல்லர் தின்னும் சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஒன்பது அங்குலத்திலிருந்து பத்துக்குப் போனால் ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல். ‘ஒரு அங்குலம்தானே’ என்று மாட்டியவர்களின் ஈஎஸ்சிகள் இதற்குச் சாட்சி.

பறந்து இறங்கியதும் மோட்டாரைத் தொடுங்கள். மூன்று நொடி விரலை வைத்திருக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் புரொப்பெல்லரின் விட்டத்தையோ பிட்ச்சையோ (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஒரு படி குறையுங்கள். அளவுக்கு மீறிய சூட்டில் காந்தங்கள் வலிமை இழக்கும்; ஆறிய பிறகும் அது திரும்பாது. ஈஎஸ்சி மட்டும் கொதிக்கிறது, மோட்டார் மிதமாக இருக்கிறது என்றால் அதை ஃபோமுக்குள் மூடி வைத்திருப்பீர்கள். மூக்கில் ஒரு காற்று வழியும், பின்னால் அதைவிடப் பெரிய வெளியேறும் வழியும் வெட்டுங்கள்.

நடுவானில் மோட்டார் நின்றது, செர்வோக்கள் வேலை செய்தன

இது ஈஎஸ்சி செய்த நல்ல காரியம். பேட்டரி மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே போனதும் மோட்டாரை நிறுத்தி, மிச்சத்தைச் செர்வோக்களுக்காக வைத்துக்கொள்கிறது. ஸ்டிக்கை அடிக்கு இறக்கிச் சில நொடி கழித்து மெல்ல ஏற்றினால் அரை வேகம் கிடைக்கும். அதை வைத்து இறங்கிவிடலாம்.

பறக்கத் தொடங்கி இரண்டு நிமிடத்திலேயே இப்படி நடந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது ஈஎஸ்சி செல்களைத் தவறாக எண்ணியிருக்கிறது. முழுக்க நிரம்பிய 3 செல்லும், பெரும்பாலும் தீர்ந்த 4 செல்லும் ஒரே 12.6 வோல்ட்தான் காட்டும். தானாக எண்ணும் வசதியை நம்பாமல் தொடக்கப் பீப்களை எண்ணிப் பாருங்கள்.

பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் கடிகாரம் வைப்பதே இதற்கு மருந்து. 2200 எம்ஏஎச்சில் 80 சதவீதம் 1760. சராசரி 10 ஆம்பியர் என்றால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். கடிகாரத்தை எட்டு நிமிடத்துக்கு வையுங்கள். இறங்கத் தவறி இன்னொரு சுற்று வர வேண்டியிருக்கும் நாள் வரத்தான் செய்யும்.

எல்லாமே ஒரு கணம் செத்து, பிறகு உயிர் வந்தது

விலை குறைந்த விமானங்களின் மிக மோசமான கோளாறு இதுதான். தரையில் எல்லாம் சரியாக இருக்கும். நான்காவது நிமிடத்தில், ஒரு கூர்மையான திருப்பத்தில், விமானம் யார் பேச்சையும் கேட்காது. விழுந்த இடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் செர்வோக்கள் எல்லாம் பணிவாக அசையும். ‘சிக்னல் போய்விட்டது’ என்று எல்லோரும் சொல்வார்கள். ரேடியோவைக் குற்றம் சொல்வதற்கு முன் ஈஎஸ்சியில் உள்ள பெக்கைச் சந்தேகியுங்கள்.

30 ஆம்பியர் ஈஎஸ்சிகள் பலவற்றில் இருப்பது லீனியர் வகைப் பெக். கூடுதல் மின்னழுத்தத்தைச் சூடாக எரித்துத் தள்ளித்தான் அது 5 வோல்ட் தருகிறது. பேட்டரி 12 வோல்ட், வேண்டியது 5, மிச்சம் 7. செர்வோக்கள் சேர்ந்து 1 ஆம்பியர் இழுத்தால் நகத்தளவு சில்லில் 7 வாட் சூடு. 9 கிராம் செர்வோ ஒன்று முட்டுப்பட்டு நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; நான்கு சேர்ந்தால் இரண்டைத் தாண்டும். சூடு எல்லை மீறும்போது பெக் தன்னை அணைத்துக்கொள்கிறது, ரிசீவர் மயங்குகிறது. ஆறியதும் மீள்கிறது. அதற்குள் விமானம் தரையில்.

சோதனை எளிது. புரொப்பெல்லரைக் கழற்றி, நிரம்பிய பேட்டரியை இணைத்து, இரண்டு ஸ்டிக்குகளையும் இரண்டு நிமிடம் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். ரிசீவர் விளக்கு சிமிட்டினாலோ, செர்வோக்கள் தயங்கினாலோ, ஈஎஸ்சி தொட முடியாமல் சுட்டாலோ காரணம் பிடிபட்டுவிட்டது. முதலில் செர்வோவை மடலோடு இணைக்கும் தள்ளுகம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். உராய்வு குறைந்தாலே இழுக்கும் மின்சாரம் கணிசமாக இறங்கும். போதவில்லை என்றால் சுவிட்சிங் வகைத் தனிப் பெக் ஒன்றை பேட்டரியிலிருந்து ரிசீவருக்குக் கொடுங்கள். அப்போது ஈஎஸ்சி பிளக்கின் நடுச் சிவப்புக் கம்பியை உருவி டேப் சுற்றிவிட வேண்டும். இரண்டு பெக்குகள் ஒரே ரிசீவருக்கு ஊட்டக் கூடாது.

பெக் குளிர்ந்தே இருக்கிறது என்றால் இப்போது ரேடியோவுக்கு வரலாம். ரிசீவர் ஆன்டெனாவின் உறை நீங்கிய நுனி, ஏறக்குறைய 31 மில்லிமீட்டர், அதுதான் வேலை செய்யும் பகுதி. அது மடியாமல், நேராக, பேட்டரியிலிருந்தும் கார்பன் கம்பியிலிருந்தும் விலகி நிற்க வேண்டும். கார்பன் மின்கடத்தி, சிக்னலை மறைக்கும். ஆன்டெனா இரண்டு என்றால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். டிரான்ஸ்மிட்டரில் தூரச் சோதனை வசதி இருந்தால் சக்தியைக் குறைத்து முப்பது அடியெடுத்து நடந்து, மோட்டார் ஓடும்போதும் ஓடாதபோதும் பாருங்கள். ஓடும்போது மட்டும் செர்வோ துடித்தால் ரிசீவர் ஈஎஸ்சிக்கு மிக அருகில் இருக்கிறது.

ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு) அமைப்பை நீங்களே வைத்தாக வேண்டும். அமைக்காமல் விட்டால் சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். அது முழு த்ராட்டிலாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத விமானத்தை மைதானத்துக்கே எடுத்துப் போகாதீர்கள்.

செர்வோ முனகுகிறது அல்லது நடுங்குகிறது

ஸ்டிக்கைத் தொடாதபோதும் முனகினால் தள்ளுகம்பியைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் கம்பியோ கீலோ இறுக்கம். நிற்கவில்லை என்றால் செர்வோவுக்குள் பல் உடைந்திருக்கும், அல்லது நிலையறியும் தடைச்சுற்று தேய்ந்திருக்கும். இவற்றின் விலைக்குப் பழுது பார்ப்பதில் பொருளில்லை, மாற்றிவிடுங்கள்.

எறிந்தவுடன் நடப்பவை

காற்றில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி ஈர்ப்பு மையத்தில் அடங்கும். சாதாரண நேர் இறக்கையில் அது முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் 25 முதல் 33 சதவீதத்துக்குள் விழ வேண்டும். அகலம் 200 மில்லிமீட்டர் என்றால் 50-க்கும் 66-க்கும் இடையில். பேட்டரியோடு சேர்த்து, இறக்கையின் அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பாருங்கள். முதல் பறப்புக்கு 50 பக்கமே வையுங்கள்.

எறிந்ததும் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்து, வேகம் இழந்து, ஒரு பக்கமாக விழுந்தால் வால் கனம். ஸ்டிக்கைத் தொட்டாலே துள்ளுவதும் குதிரைபோல் மேலும் கீழும் எம்புவதும் அதே நோயின் மென்மையான வடிவம். பேட்டரியை முன்னே தள்ளுங்கள். இடம் இல்லையென்றால் ஈயம் ஒட்டுவதற்கு முன் வாலைப் பாருங்கள். வாலின் நெம்புதூரம் (ஈர்ப்பு மையத்திலிருந்து உள்ள தூரம்) மூக்கின் நெம்புதூரத்தைப் போல மூன்று மடங்கு என்றால் வாலில் வழிந்த 10 கிராம் ஹாட் குளூவுக்கு மூக்கில் 30 கிராம் கொடுத்தாக வேண்டும். பசையைச் சுரண்டுவது மலிவு.

எறிந்ததும் நேராகத் தரையை நோக்கிப் போனால் மூக்கு கனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எலிவேட்டர் (வாலின் கிடைமட்ட மடல்) தலைகீழாக இருக்கலாம். ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கையின் பின்விளிம்பு மடலான ஏலரான் மேலே எழ வேண்டும். விமானத்தின் பின்னால் நின்று, ஒவ்வொரு முறையும் எறிவதற்கு முன் இதைப் பாருங்கள். பலமாக எறியாததும் இன்னொரு காரணம்: அடிவானத்துக்கு நேராக, காற்றுக்கு எதிரே, முழுக் கைவீச்சோடு எறிய வேண்டும். மேல்நோக்கி எறிபவர்கள் விமானத்துக்கு உதவுவதாக நினைக்கிறார்கள்; அதன் வேகத்தைத்தான் பறிக்கிறார்கள்.

இடப்பக்கம் புரண்டு விழுகிறதா? வழக்கமான புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுழலும். அதன் எதிர்வினை விமான உடலை இடப்பக்கம் உருட்டும். மெதுவாக, முழு த்ராட்டிலில் எறியும்போது இது மிக அதிகம். முக்கால் த்ராட்டிலில் எறிந்து பாருங்கள். மோட்டாரை இரண்டு மூன்று பாகை வலப்பக்கம் சாய்ப்பதும் பலன் தரும்: பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கத் திருகுகளின் அடியில் வாஷர். த்ராட்டில் ஏற்றும்போதெல்லாம் மூக்கு எழுகிறது, இறக்கினால் தாழ்கிறது என்றால் மேல் திருகுகளின் அடியில் வாஷர் வைத்து மோட்டாரைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். எலிவேட்டர் டிரிம்மால் இதைத் தீர்க்க முடியாது. ஒரு த்ராட்டில் அளவுக்கு மட்டும் சரியாகும்.

எந்த வேகத்திலும் ஒரே பக்கம் இழுத்தால் விமானத்தின் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, இரு இறக்கைகளின் பின்விளிம்பையும் ஒப்பிடுங்கள். ஃபோம் முறுக்கிக்கொள்வது சாதாரணம். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து ஆறவிட்டால் திரும்பும்.

பறக்கத் தொடங்கிவிட்ட விமானத்தின் சமநிலையைச் சரிபார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. நேராகப் பறக்கும்படி டிரிம் செய்து, நல்ல உயரத்தில் 45 பாகையில் மூக்கைத் தாழ்த்தி, த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். தானே வேகமாக மேலே வளைந்தால் மூக்கு கனம். மேலும் செங்குத்தாகக் கீழே போனால் வால் கனம். சென்ற வழியே சென்று மெல்ல நிமிர்ந்தால் கைவைக்க வேண்டாம்.

மெதுவாகத் திரும்பும்போது திடீரென்று கவிழ்கிறது

இறங்க வரும் கடைசித் திருப்பத்தில் இது நடக்கும். ஓர் இறக்கை முனை தூக்குவிசையை இழந்து விழுகிறது. அப்போது ஏலரானால் தூக்க முயன்றால், விழும் இறக்கையில் ஏலரான் கீழே இறங்கி, காற்றோடு அது செய்யும் கோணத்தை இன்னும் கூட்டி, விழுவதை வேகப்படுத்தும். எலிவேட்டரை விட்டு மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுங்கள், எதிர்ப்பக்கம் ரட்டர் (வாலின் நிமிர்ந்த மடல்) கொடுங்கள்.

திரும்பத் திரும்ப நடந்தால் எடை போடுங்கள். ஒரு மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இறக்கையின் பரப்பு 20 சதுர டெசிமீட்டர். விமானம் 800 கிராம் என்றால் சதுர டெசிமீட்டருக்கு 40 கிராம். கற்பவருக்கு இதுவே மேல் எல்லை. ஒவ்வொரு விபத்துக்கும் பசையும் டேப்பும் ஏறி 1200 கிராம் ஆகிவிட்டால் 60. அது வேறு விமானம், வேகமாக இறங்க வேண்டியது. இரண்டு ஏலரான்களையும் இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கி வைப்பது கொஞ்சம் உதவும். புதிய இறக்கை வெட்டுவது நிறைய உதவும், ஃபோம் அட்டைதானே.

வேகத்தில் ‘பர்ர்’ என்ற ஒலி

கட்டுப்பாட்டுப் பரப்பு காற்றில் படபடக்கிறது. த்ராட்டிலை உடனே மூடுங்கள். சில நொடிகளில் கீலோ செர்வோ பல்லோ போய்விடும். இறக்கியபின் ஏலரானையும் எலிவேட்டரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தள்ளுகம்பி நுழையும் துளை பெரிதாகியிருக்கும், அல்லது கம்பி நடுவில் வளையும். நீண்ட மெல்லிய கம்பியை ஸ்ட்ராவுக்குள் விட்டு உடலோடு ஒட்டிவிட்டால் வளையாது.

ஒலி மோட்டார் பக்கமிருந்து வந்தால் புரொப்பெல்லர் சமநிலையில் இல்லை. இலேசான பக்கத்தின் முதுகில் சிறு டேப் ஒட்டிச் சரிசெய்யலாம். விழுந்து எழுந்த மோட்டாரின் தண்டு வளைந்திருந்தால் டேப் பயன்படாது. நுனியில் வெடிப்பு கண்ட புரொப்பெல்லரை ஒட்டிப் பயன்படுத்தவே கூடாது.

ஒட்டு விட்டுப்போகிறது

வெயிலில் நின்ற காருக்குள் வைத்த விமானத்தில் ஹாட் குளூ இளகும். மோட்டார் தாங்கி முதலில் நழுவும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எபாக்சி போடுங்கள். சாதாரண சயனோ பசை (சூப்பர் குளூ) பாலிஸ்டைரின் ஃபோமைக் கரைத்துக் குழி பறிக்கும். ஃபோமுக்கென்று விற்கும் வகை வேண்டும்.

பேட்டரி உப்பியிருக்கிறது

இதற்குச் சரிசெய்யும் வழி எதுவும் இல்லை. குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்; தீப்பிடிக்கும். சார்ஜ் செய்யாமல், தீப்பிடிக்காத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை பறந்தது, தாங்க முடியாத ஆம்பியர் இழுத்தது, நிரப்பிய நிலையில் வாரக்கணக்கில் விட்டுவைத்தது. மூன்றாவதுதான் அதிகம். மழையால் பறக்க முடியாமல் போன நாளில், நிரப்பி வைத்த பேட்டரியை அப்படியே அலமாரியில் வைக்காமல் சார்ஜரின் சேமிப்பு நிலையில் போட்டு, செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கிவிடுங்கள். சார்ஜ் செய்யும்போது செல்களைச் சமமாக நிரப்பும் சமநிலைக் கம்பியை மாட்டி, 2200 எம்ஏஎச்சுக்கு 2.2 ஆம்பியரைத் தாண்டாமல், பக்கத்தில் இருந்தபடி செய்யுங்கள்.